கரையில் குத்திய மண்வெட்டி

திப்பம்,
19 ஏப்ரல் 1953

அன்புள்ள வோபே,

உன் கப்பல் இந்நேரம் நடுக்கடலில் இருக்கும். நீ வாந்தி எடுத்துக்கொண்டிருப்பாய் என்று மாமா சொல்கிறார். அதையும் சந்தோஷமாகத்தான் சொல்கிறார். பெற்ற மகன் மேல் அவருக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. நீ கனடாவுக்குப் போனதைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார் போலிருக்கிறது. போகும்போது ஒரு காரியம் செய்துவிட்டுப் போனாயே, அதைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

எனக்கு அன்றைக்கு ஒன்றுமே புரியவில்லை. ஊரே வழியனுப்ப வந்து நிற்கிறது. நீ பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கடலணைக்கு உள்ளே இருக்கிற பழைய தூங்குகரை மேல் ஏறினாய். நம் வீட்டுப் பங்கில் நேர்ப்பிடி மண்வெட்டியைக் காலால் மிதித்துக் குத்தினாய். தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் தலைவணங்கினாய். இளவட்டங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். வயதானவர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மாமா மாட்டுக்கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பஸ் போன பிறகு பக்கத்து வீட்டு பொன்சே அக்காவைத்தான் கேட்டேன். அவள் வாய் உனக்குத் தெரியுமே.

“உங்க காட்டுப் பக்கம் இதெல்லாம் ஏதுடி? அங்க கடலா, கரையா? அந்தக் காலத்துல இங்க வீட்டுக்கு ஒரு பங்கு கரை. தன் பங்கைக் காப்பாத்த முடியாதவன் மண்வெட்டியக் கரையில குத்திட்டு, கட்டின துணியோட ஊரை விட்டுப் போயிரணும். அதை எவன் பிடுங்குறானோ அவனுக்குத்தான் நிலம், வீடு, கரை எல்லாம். குத்தினவன் திரும்பி வந்து வாயத் திறக்க முடியாது. உம் புருஷன் வெளையாட்டுக்குக் குத்திட்டுப் போயிட்டான். வெளையாடுற சமாச்சாரமா இது?”

அந்தச் சட்டம் செத்துப் பல தலைமுறை ஆகிறது, கடலணையை இப்போது சர்க்கார் பார்த்துக்கொள்கிறது என்றெல்லாம் நானும் சொல்லிப் பார்த்தேன். “சட்டம் செத்துப்போச்சு, சரி. அப்ப நீயே போய் அந்த மண்வெட்டிய எடுத்துட்டு வா, பாப்போம்” என்றாள். எனக்கே கை வரவில்லை. வேறு யாரும் தொடவில்லை. ஆடுகள்தான் அதில் முதுகைச் சொறிந்துகொள்கின்றன.

நேற்று மாமாவிடம் ஒன்று கேட்டேன். சாணமும் களிமண்ணும் கொட்டி முன்னோர் எழுப்பிய நம் ஊர்மேட்டின் வடக்குப் பக்கம் ஏன் கத்தியால் வெட்டிய ரொட்டி மாதிரி நிற்கிறது என்று. அவர் அப்பா காலத்தில் பாதி மேட்டை வெட்டிப் படகு படகாக விற்றுவிட்டார்களாம். சர்ச்சும் கல்லறைகளும் இருந்ததால் மீதிப் பாதி பிழைத்ததாம். மண் எங்கே போனது என்றேன். “உங்க பக்கந்தான். மணல்காட்டுக்கு. வேறெவன் எரு மண்ணைக் காசு கொடுத்து வாங்குவான்?” என்றார்.

வோபே, எங்கள் அப்பாவின் உருளைக்கிழங்கு வயலில் கறுப்பாக ஒரு பட்டை உண்டு. படகில் வந்த மண் என்பார். அதில்தான் கிழங்கு பெருக்கும். சின்ன வயதில் அதைக் கிளறி ஓட்டுச்சில்லு பொறுக்குவேன். ஒருமுறை எலும்பில் செய்த சீப்பு ஒன்று கிடைத்தது, இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் திப்பத்தில் யாரோ ஒருத்தி தலைவாரிய சீப்பு. இந்த ஊரைத் தின்று வளர்ந்தவள் நான். என்னைப் போய்க் காட்டுக்காரி என்கிறார்கள்!

போய்ச் சேர்ந்ததும் எழுது. கழுத்துத் துணியைச் சுற்றிக்கொள்.

என்றும் உன்,
ஹிஸ்கே


அல்பர்ட்டா,
28 ஜூன் 1953

என் ஹிஸ்கே,

வாந்தி எடுத்தது உண்மைதான். அப்பாவிடம் சொல்லாதே.

இங்கே நிலத்தைப் பார்த்தால் உனக்கு மூச்சு நின்றுவிடும். சாலை அடிக்கோலால் கிழித்த மாதிரி போகிறது. நம் ஊர்த் தெரு ஏன் அப்படிப் பாம்பாக நெளிகிறது என்று நீ வந்த புதிதில் கேட்டாயே, நினைவிருக்கிறதா? கடல் ஒரு காலத்தில் உள்ளே வந்துபோன கழியின் கரை அது, தெரு அதன் மேல்தான் நடக்கிறது என்று சொன்னேன். இங்கே சாலைக்கு எதையும் நினைவில் வைக்க வேண்டிய வேலை இல்லை.

முதலாளி நல்ல மனிதர். மாடுகள் நம்முடையதைவிட அழுக்கு, ஆனால் பால் உண்டு. போன வாரம் வேலிக்கம்பத்துக்குக் குழி தோண்டினேன். ஆழமாகத் தோண்டியும் ஒரு ஓட்டுச்சில்லு இல்லை, ஒரு எலும்பு இல்லை. நம் ஊரில் முள்ளங்கி பிடுங்கினால்கூட எவனாவது ஒரு மூதாதை கையோடு வருவானே! இங்கே முன்பு கூடாரம் அடித்துத் திரிந்த ஜனங்கள் எங்கே என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

நான் ஏன் கிளம்பினேன் என்று உனக்குத் தெரியும். அப்பாவுக்குப் புரியாது. பிப்ரவரியில் சீலாந்தில் கடல் புகுந்து அத்தனை பேர் செத்த செய்தியை ரேடியோவில் கேட்டோமே, அப்போது அப்பா என்ன சொன்னார்? “நம்ம கரை நிக்கும்.” அவ்வளவுதான், ரேடியோவை அணைத்துவிட்டுப் பால் கறக்கப் போய்விட்டார். எனக்கு நிற்கிற கரை வேண்டாம், ஹிஸ்கே. கரையே தேவைப்படாத மண் வேண்டும். அதனால்தான் குத்தினேன். பாதி விளையாட்டு, பாதி கோபம். யாராவது அதைப் பிடுங்கி உருளைக்கிழங்கு தோண்டட்டும், எனக்கென்ன!

வசந்தத்தில் உனக்குக் கப்பல் ஏற்பாடு செய்கிறேன். மரவீடு, இரண்டு அறை, பெரிய அடுப்பு. சன்னலில் நின்றால் வானம் முழுவதும் உனக்குத்தான்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
வோபே


திப்பம்,
15 நவம்பர் 1953

அன்புள்ள வோபே,

கை கொப்பளித்திருக்கிறது, எழுத்துக் கோணலாக வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், மாடுகளும்.

வியாழன் காலையிலிருந்து வடமேற்குக் காற்று. சனிக்கிழமை மத்தியானம் சர்ச் மணி அடித்தது. சாவு மணி இல்லை, அடுக்கடுக்காக அடிக்கிற மணி. நான் அதை இதுவரை கேட்டதே இல்லை, ஆனால் எழுந்து நின்றுவிட்டேன். மதகுக்குப் பக்கத்தில் கடலணையின் உள்சரிவு வழுக்கி விழுந்துவிட்டது. மேலே வழிந்த தண்ணீர் வயலுக்குள் வருகிறது. அணை உடையவில்லை, ஆனால் எப்போது வேண்டுமானாலும் உடையலாம்.

அதற்குப் பிறகு நடந்ததை நீயும் பார்த்திருக்க வேண்டும். நீ சொல்லிச் சொல்லிச் சிரிப்பாயே, கடலணை விழித்திருக்கிற கரையாம், உள்ளே இருக்கிற நம் கரை தூங்குகிற கரையாம், அது எழுந்து யார் பார்த்தது என்று. நான் பார்த்தேன். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. வீடு வீடாக வெளியே வந்து அவரவர் பங்குக்கரையில் போய் நின்றார்கள். நடக்க முடியாதவர்கள்கூட. எலி வளையைத் தேடி அடைக்கிறார்கள், புல் பெயர்ந்த இடத்தில் கோணியை விரிக்கிறார்கள். கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் எல்லைக்கல்லின் இரண்டு பக்கமும் முழங்கை இடிக்க வேலை செய்தார்கள், அப்போதும் பேசவில்லை. எவ்வளவு பெரிய ஊர், வோபே, இந்தச் சின்ன ஊர்!

நம் பங்குதான் மோசம் என்று உனக்குத் தெரியும். வண்டிப்பாதை கரையை அறுத்துக்கொண்டு போகிற கரைவாய் நம் வீட்டுப் பொறுப்பு. மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து வண்டிமேல் உட்கார்ந்து கத்தினார். “பலகையப் பள்ளத்துல இறக்கு! ரெண்டு வரிசை! நடுவுல சாணம், அப்புறம் களிமண்! மிதி, மிதி, ரொட்டி மாவா பெசையுற?” நான் வெட்டிப் போட்டேன், பொன்சே அக்கா மிதித்தாள். பாதியில் நம் மண்வெட்டியின் பிடி முறிந்தது. ஊரில் இருந்த ஒவ்வொரு மண்வெட்டியும் ஒருவர் கையில் இருந்தது.

உன்னுடையது மட்டும் சும்மா நின்றது.

நான் யோசிக்கவே இல்லை. ஏறிப்போய்ப் பிடுங்கினேன். களிமண் அதை விடமாட்டேன் என்றது. ஆட்டி ஆட்டி, மார்பால் முட்டி, கடைசியில் நான் பின்பக்கமாக விழுந்தேன், அது என் மேல் விழுந்தது. எழுந்து வந்து வேலையைப் பார்த்தேன். இருட்டுவதற்குள் தண்ணீர் பலகையைத் தொட்டது, முழங்கால் அளவு ஏறியது, அங்கேயே நின்றது. பிறகு கடல் உள்வாங்கியது. நம் கரை நின்றது.

ஆசுவாசப்படுத்திக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், எல்லோரும் என் கையையே பார்க்கிறார்கள். சர்ச் கமிட்டித் தலைவர் ஆட்டே கரை மேலேயே நடந்து வந்தார். “அதை யாரு பிடுங்குனது?” என்றார். “வேற யாரு, இவதான்” என்றாள் பொன்சே அக்கா. அவர் தொப்பியைக் கழற்றினார். மழையில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் பொன்சே அக்கா முணுமுணுத்தாள். “இனிமே உன்னைக் காட்டுக்காரின்னு கூப்பிட முடியாது. என்ன எழவு, வேற பேரு யோசிக்கணும்.”

மாமா அன்றைக்கு முதன்முதலாக எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கல்கண்டு இரண்டு துண்டு போட்டார்.

உன்,
ஹிஸ்கே


அல்பர்ட்டா,
10 ஜனவரி 1954

என் ஹிஸ்கே,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். முதலில் பயந்தேன், பிறகு சிரித்தேன், பிறகு கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. நான் நிற்க வேண்டிய இடத்தில் நீ நின்றாய். அந்தக் கரைவாயில் பலகை இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று பழகிப் பார்த்தவன் நான். இங்கே எல்லோரிடமும் சொன்னேன். என் பெண்டாட்டி கடலை நிறுத்தினாள் என்று. முதலாளியம்மா நம்பவில்லை.

ஆனால் மண்வெட்டி விஷயத்தை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அது வேடிக்கைக்குச் செய்தது. ஆட்டே பழங்கதையிலேயே குடியிருக்கிறவர், அவர் தொப்பியைக் கழற்றினால் நீயும் கிறங்கிவிடுவதா?

இன்னொன்று. உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். ‘நம் கரை’, ‘நம் பங்கு’ என்று எழுதியிருக்கிறாய். எப்போது வருகிறாய் என்று ஒரு வரி இல்லை. ஏப்ரல் கடைசியில் ரோட்டர்டாமிலிருந்து கிளம்பும் கப்பலில் உனக்கு இடம் போட்டிருக்கிறேன். சீட்டு தனியாக வரும்.

இங்கே பனி சன்னல் வரை இருக்கிறது. வெள்ளையாக, சுத்தமாக, ஒரு சுவடும் இல்லாமல். எனக்கு இது பிடித்திருக்கிறது என்று சொன்னால் கோபிப்பாயா?

காத்திருக்கும்,
வோபே


திப்பம்,
21 மார்ச் 1954

அன்புள்ள வோபே,

சீட்டு வந்து சேர்ந்தது. அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன், நீயும் அப்படியே படி.

பிப்ரவரியில் வாய்க்கால் நன்றாக உறைந்தது. சறுக்குக்கட்டையை மாட்டிக்கொண்டு என் அப்பா வீட்டுக்குப் போனேன். படகில் மண் போன அதே வாய்க்கால், அதே வழி. இரண்டு நாள் இருந்தேன், அம்மா பட்டாணி சூப்பை ஊற்றி ஊற்றி நிரப்பினாள். திரும்பும்போது எதிர்க்காற்று. கண்ணில் நீர் வழிய, குனிந்தபடி வந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தால் தட்டை நிலத்தில் நம் மேடு, மேட்டின்மேல் அந்தக் குட்டைக் கோபுரம். ‘அப்பாடா, வீடு வந்துவிட்டது’ என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

எனக்கு இந்த ஊர் பிடித்துவிட்டது, வோபே. வெட்கப்படாமல் சொல்கிறேன். மலை இல்லாத இடத்தில், தண்ணீருக்கு நடுவில், சாணத்தையும் களிமண்ணையும் கூடை கூடையாகச் சுமந்து தாங்களே ஒரு மேட்டைக் கட்டி, அதன்மேல் ஏறி நின்று, கடலைப் பார்த்து நீ வா பார்க்கலாம் என்று சொன்ன ஜனங்கள் இவர்கள். வாயில் நல்ல வார்த்தை வராது. பாராட்டத் தெரியாது. ஆனால் மணி அடித்தால் வந்து நிற்பார்கள். நானும் அவர்களோடு நிற்கிறவள் ஆகிவிட்டேன். உன்னையும் எனக்குப் பிடிக்கும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன குறைந்துபோகும்?

இப்போது காரியம். நிலம் சர்ச்சுடையது, உனக்குத் தெரியும். மே பன்னிரண்டில் குத்தகை முடிகிறது. மாமாவால் இனி முடியாது, அவரே சொல்லிவிட்டார். வேறு ஒருவர் கேட்டிருக்கிறார், நான்கு வளர்ந்த மகன்கள் உள்ளவர். கமிட்டி கூடியது. ஆட்டே எழுந்து, “மண்வெட்டியப் பிடுங்குனவ இருக்கும்போது இன்னொருத்தனுக்குக் கொடுத்தா நம்ம அப்பன் பாட்டன் எல்லாம் கல்லறையிலேருந்து எந்திரிச்சு வந்துருவாங்க” என்று சொன்னாராம். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் என் பேரில் குத்தகை எழுத முடியாது. கல்யாணம் ஆனவள் சட்டத்துக்கு முன்னால் குழந்தை மாதிரியாம். புருஷன் சம்மதம் எழுத்தில் வேண்டும். கடலை மறித்து நிற்கலாம், கையெழுத்துப் போடக் கூடாது! பொன்சே அக்கா சிரித்த சிரிப்பில் பால் வாளியைக் கவிழ்த்துவிட்டாள்.

அதனால் இரண்டில் ஒன்று கேட்கிறேன். நீ வா. இல்லையென்றால் சம்மதம் எழுதி அனுப்பு.

வருவதாக இருந்தால் நீ கௌரவமாக வர ஒரு வழி செய்திருக்கிறேன். பிடுங்கியவள் நான், அதனால் மறுபடி குத்தவும் எனக்கு உரிமை உண்டு. நேற்றுக் குத்திவிட்டேன், அதே இடத்தில், ஆழமில்லாமல். நீ வந்து பிடுங்கு. யாரும் வாய் திறக்க மாட்டார்கள். புல் அறுப்பு வரை அது அங்கேயே நிற்கும். வேறு எவனாவது பிடுங்கிவிட்டால் என்ன செய்வது என்று மாமா கேட்டார். பொன்சே அக்கா சன்னலைத் திறந்து, “தொட்டுப் பாக்கட்டும், கைய ஒடிச்சு அடுப்புல வெக்கிறேன்” என்றாள்.

ஆள்காட்டிக் குருவிகள் வந்துவிட்டன. வருஷத்தின் முதல் முட்டையைத் தேடி ஊரே கோலை ஊன்றி வாய்க்கால் தாண்டிக்கொண்டிருக்கிறது. நானும் தாண்டினேன். நடுவில் விழுந்தேன். கரையேறி மறுபடி தாண்டினேன்.

உன்,
ஹிஸ்கே


அல்பர்ட்டா,
18 ஏப்ரல் 1954

என் ஹிஸ்கே,

சம்மதத்தை வக்கீல் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். முத்திரை சரியாக இருக்கிறதா என்று ஆட்டே பெரியவரைப் பார்க்கச் சொல். நிலம் கேட்கிற அந்த மற்றவருக்கு முன்னால் நீ போய்ச் சேர வேண்டும், தாமதிக்காதே.

வருகிறேன் என்று எழுத ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். பொய் எழுதக் கை வரவில்லை. இங்கே வடக்கே ஒரு துண்டு நிலம் எடுத்திருக்கிறேன். பனி கரைந்ததும் போய் மண்வெட்டியைக் குத்தினேன். விட்டுப் போவதற்காகக் குத்தவில்லை, தோண்டுவதற்காக. நுனி உள்ளே இறங்கியபோது எனக்கு அழுகை வந்தது. என் வாழ்நாளில் முதல்முறையாக, எவன் கட்டியதையும் காப்பாற்ற வேண்டாத இடத்தில் நிற்கிறேன். திப்பத்தில் எனக்கு முன்னால் நின்ற அத்தனை பேரும் என் தோளில் உட்கார்ந்திருந்தார்கள். உனக்கு அவர்கள் துணையாகத் தெரிகிறார்கள். எனக்குப் பாரமாகத் தெரிந்தார்கள். யார் மேலும் குற்றமில்லை.

நீ அந்தக் கரைவாயில் நிற்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. என்னைவிட நீ நல்ல திப்பத்துக்காரி. இதை அப்பாவிடம் படித்துக் காட்டு. அவருக்கு அந்தச் சந்தோஷமாவது கிடைக்கட்டும்.

சீட்டு இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. நீ மனம் மாறினால் அடுத்த கப்பலுக்கு மாற்றித் தருவார்கள். மாற மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

வோபே


திப்பம்,
27 ஜூன் 1954

அன்புள்ள வோபே,

முத்திரை சரியாக இருந்தது. மே பன்னிரண்டாம் தேதி கையெழுத்துப் போட்டேன். ஆட்டே பேனாவை நீட்டினார், மாமா சாட்சி. உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுப் புகைக்குழாயைத் தட்டி நிரப்பினார். “நல்ல மண்ணாமா?” என்றார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன். “கல்லு இருக்கான்னு கேளு.” அவ்வளவுதான். ஆனால் நேற்றும் கேட்டார், அதனால் எழுது. கல் இருக்கிறதா?

சீட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

வரமாட்டேன் என்று நீ எழுதிய பிறகும் மண்வெட்டி அங்கேயேதான் நின்றது. புல் அறுப்பு வரை என்று சொன்னேன் அல்லவா, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் பஸ் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன். இதை உன்னிடம் மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நேற்றோடு புல் அறுத்து முடிந்தது. இன்று காலை, பால் கறந்துவிட்டு, தூங்குகரை மேல் ஏறினேன். போன தடவை யோசிக்க நேரமில்லை. இந்தத் தடவை நிறைய நேரம் இருந்தது. ஒரு பக்கம் கடலணை, அதற்கு அப்பால் சேற்றில் நடக்கிற பறவைகள். இன்னொரு பக்கம் பாதி வெட்டுண்டும் விழாமல் நிற்கிற நம் மேடு. கொஞ்சம் அழுதேன். பிறகு பிடுங்கினேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

கீழே மாமா கோலை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். “இப்ப யாருக்காகப் பிடுங்குன?” என்றார். எனக்காக என்றேன். “நல்லது. வாய்க்கால் தூர்ந்து கெடக்கு. வா” என்றார்.

பொன்சே அக்காவுக்குக் கடைசியில் பெயர் கிடைத்துவிட்டது. பால் வண்டிக்காரரிடம் என்னைக் கைகாட்டி, “அந்தா, கரைவாய் ஹிஸ்கே” என்கிறாள். ஊரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பட்டப்பெயர் வந்தால் பிறகு இந்த ஊர் யாரையும் விடாது என்கிறார் ஆட்டே.

இத்துடன் ஒரு சின்னப் பொட்டலம் வரும். அந்த எலும்புச் சீப்பு. உன் மண்ணில் தோண்டினால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். ஏதாவது ஒரு வேலிக்கம்பத்தின் குழியில் இதைப் போட்டு மூடு. பின்னால் வருகிறவன் தோண்டும்போது திகைத்துப் போகட்டும்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் நிலம் உனக்கு நன்றாக விளைய வேண்டும். எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் கரைவாய் வழியாகத்தான் வர வேண்டும், வேறு பாதை இல்லை. அது திறந்தேதான் இருக்கும். மணி அடிக்கிற நாளில் மட்டும் அடைப்போம். அடைப்பது நான்தான்.

ஹிஸ்கே,
திப்பம்